மோக்காவுக்குப் போன துணி மூட்டைகள்

தயாளன் சார் தன் மூதாதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் சேலையூர்த் தெருவில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும். நான் போனதில்லை. எதிர் வீட்டுக்காரன், எங்கே போவது?

மூதாதையின் பெயர் ஞானாதிக்கம். 1738-இல் சென்னப்பட்டணத்திலிருந்து செங்கடல் ஓரத்து மோக்காவுக்குத் துணி ஏற்றிப் போன ‘சாந்தா லூசியா’ என்ற கப்பலில், கூடவே போய்ச் சரக்கைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியாக இருந்தவர். வழியில் புயல். மோக்காவில் மூட்டைகளைப் பிரித்தபோது பாதித் துணி கறைபட்டு இத்துப்போயிருந்தது. வாங்க வந்தவர்கள் தொட மறுத்துவிட்டார்கள். கப்பல் திரும்பியதும் துணிக்குச் சொந்தக்காரர்கள் கோட்டை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். ஞானாதிக்கம் சாட்சி சொன்னார்: பதினொரு நாள் தூங்காமல் தண்ணீர் இறைத்தேன்; ஆனாலும் மூட்டை கட்டிய ஆண்டியப்பன் மெழுகுத்துணியை ஒழுங்காகச் சுற்றாததால் கடல்நீர் உள்ளே போய்விட்டது. நீதிமன்றம் நம்பியது. ஞானாதிக்கத்துக்கு வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு கிடைத்தது. ஆண்டியப்பனை இனிக் கோட்டைக்குள் யாரும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று.

இதை நான் சுமார் நூறு தடவை கேட்டிருக்கிறேன். நூறாவது தடவை புயல் முதல் தடவையைவிடப் பெரிதாக இருந்தது.

தயாளன் சார் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறு வாரமே தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்தார். ஒன்பது வருஷம் போனார். பழைய வழக்குக் கட்டைக் கையாலேயே எழுதி எடுத்தார். விளைவு, நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ‘அலையை வென்ற அண்ணல்’. முதல் முந்நூறு பக்கத்தில் ஞானாதிக்கம் ஒரு இடத்திலாவது சும்மா நடந்து போகவில்லை, வீறுநடைதான். கடைசி நூற்றுச் சொச்சம் பக்கம் பின்னிணைப்பு, அதாவது ஆவணங்களின் மொழிபெயர்ப்பு. அங்கே மட்டும் எல்லாரும் சாதாரணமாக நடந்தார்கள்.

ஐந்நூறு பிரதி அச்சாகி வந்துவிட்டது. சனிக்கிழமை கேம்ப் ரோடு மாடி மண்டபத்தில் வெளியீடு. அழைப்பிதழில் புத்தகத்தின் பெயரைவிடச் சிறப்பு விருந்தினரின் பட்டங்கள் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. கப்பல் விஷயம் தெரிந்த யாராவது இரண்டு வார்த்தை வாழ்த்தினால் எடுப்பாக இருக்கும் என்று, தயாளன் சார் தன் தேவாலயச் சபையில் இருக்கும் தபீதாளிடம் ஒரு பிரதியைக் கொடுத்திருந்தார்.

தபீதாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயது. சரக்கு சர்வேயர். கடல் வழியே வந்த சரக்கு கெட்டுப்போனால், எப்படிக் கெட்டது, யாரால் கெட்டது என்று பார்த்து எழுதுகிற வேலை. காலில் இரும்புமுனை ஷூ, கையில் டார்ச், பையில் ஒரு குட்டிப் பாட்டிலில் மருந்து. அந்த மருந்தை நனைந்த சரக்கில் ஒரு சொட்டு விட்டால், உப்புத்தண்ணீராக இருந்தால் பால் போல் வெளுக்கும். மழைத்தண்ணீராக இருந்தால் சும்மா இருக்கும். ‘கடல் கொந்தளிப்பால் சேதம்’ என்று கப்பல் கம்பெனிகள் பத்துப் பக்கம் எழுதி அனுப்பும். இவள் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, ‘கண்டெய்னர் கூரையில் ஓட்டை. மழை’ என்று எழுதுவாள். அவளுடைய அறிக்கை எதுவும் இரண்டு பக்கத்தைத் தாண்டியதில்லை. அதில் ‘மிக’ என்ற சொல்கூட இருக்காது. அவள் வருகிறாள் என்று தெரிந்தால் கண்டெய்னர் இறக்கும் யார்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். மரியாதைக்கு அல்ல, பயத்தில்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து நேராகத் தயாளன் சார் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். மேடையில் யார் பக்கத்தில் யார் என்று ஒரு தாளில் நாற்காலி வரிசை போட்டுக்கொண்டிருந்தோம்.

“சார், புத்தகம் முழுசும் படிச்சேன்.”

“முழுசுமா?” தயாளன் சாராலேயே நம்ப முடியவில்லை.

“பின்னிணைப்பை ரெண்டு தடவை. ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. அதுல ஒரு சந்தேகம் சார். கப்பலுக்குள்ள கடல் தண்ணி வந்தா முதல்ல எங்க நிக்கும்?”

“அடியிலதான்.”

“மோக்காவுல மூட்டையைப் பார்வையிட்ட நாலு பேர் எழுதிக் கொடுத்ததை நீங்க போட்டிருக்கீங்க. அடியில இருந்த மூணு அடுக்கு காய்ஞ்சு கெடக்கு. கெட்டுப்போனது மேல ரெண்டு அடுக்கு.”

“அலை மேலேர்ந்து அடிச்சிருக்கும்மா. புயல்னா அதானே!” என்று தயாளன் சார் இரண்டு கைகளாலும் ஒரு அலையை எழுப்பிக் காட்டினார். மேஜை மேலிருந்த நாற்காலி வரிசை பறந்து கீழே விழுந்தது.

“சரி சார். கடல் தண்ணியில நனைஞ்ச துணி காய்ஞ்சா வெள்ளையா உப்புப் பூக்கும். இங்க பழுப்புக் கறைன்னு இருக்கு. புளிச்ச வாசனைன்னு இருக்கு. பிரிச்ச ஒடனே எறும்புன்னு இருக்கு. கடல் தண்ணிக்கு எறும்பு வருமா?”

தயாளன் சார் குனிந்து நாற்காலி வரிசையைப் பொறுக்கினார்.

“முந்நூத்து எண்பத்தாறாம் பக்கம்,” என்றாள். “கப்பல் கிளம்பறதுக்கு முதல் நாள் கடைசியா ஏத்தினது. ஞானாதிக்கம் ஐயாவோட சொந்தச் சரக்கு. ‘மூதாதையின் செல்வ வளம்’னு நீங்களே தலைப்புப் போட்டிருக்கீங்க.”

நான் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். ஓலைப்பாயில் கட்டிய புளி, நாற்பது பொதி.

“கடைசியா ஏறினது மேலதான் இருக்கும். வேற எடம் இல்லைன்னா துணி மூட்டை மேலயே அடுக்கியிருப்பாங்க. சரக்கைப் பார்த்துக்கற அதிகாரியே அவர்தான், யார் கேக்கறது? அந்த வெக்கையில புளி கசிஞ்சு எறங்கியிருக்கும். நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன் சார், துணி என் கையில இல்லை. ஆனா இதே விவரம் இன்னிக்கு என்கிட்ட வந்தா, புளின்னுதான் எழுதுவேன்.”

“முந்நூறு வருஷம் கழிச்சு... புளிக்கறைன்னு... எப்படிம்மா?” தயாளன் சாருக்கு வாக்கியம் முடியவில்லை. வாக்கியத்தை முடிக்காமல் விட்டு நான் அவரைப் பார்த்ததே இல்லை.

சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி ஈவ்லின் அக்கா சொன்னார்: “இதுக்கு எதுக்கு சர்வேயர்? முப்பத்தெட்டு வருஷமா உங்க வெள்ளைச் சட்டையைத் தோய்க்கறவ நான். ஒன்பது வருஷம் எழும்பூருக்குப் போனீங்களே, ஒரு நாள் இந்தப் பக்கம் வந்து கேட்டிருக்கலாம்.”

தபீதாள் சிரிக்கவில்லை. “நான் முதல்ல சந்தேகப்பட்டது புளியினால இல்லை சார். ஆண்டியப்பனாலதான். பேக்கிங் சரியில்லைன்னு யாராவது எழுதியிருந்தா, நான் ஒடனே வேற எடத்துல தேடுவேன். கப்பல்காரங்க, யார்டுக்காரங்க, லாரிக்காரங்க, எல்லாரும் கடைசியில கை காட்டறது பெட்டி அடிச்சவனை. பதில் சொல்ல அவன் ஒருத்தன்தான் அங்க இருக்க மாட்டான்.” எழுந்தாள். “நீங்க எறும்பை விட்டிருக்கலாம். புளியை விட்டிருக்கலாம். ஒரு வரி விடலை. எங்க வேலையில இப்படி எழுதற ஆளைப் பார்க்கவே முடியாது சார்.”

அவள் போனபின் தயாளன் சார் சுவரோரம் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த ஐந்நூறு பிரதிகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருஷமாக அந்த மனுஷரின் பெருமையில் யாராவது ஊசி குத்த மாட்டார்களா என்று காத்திருந்தவன் நான். குத்தியாயிற்று. ஆனால் குத்தியவள் அந்த எண்ணமே இல்லாமல், ஒரு கண்டெய்னரைத் திறந்து பார்ப்பதுபோல் செய்துவிட்டுப் போயிருந்தாள். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. அவருக்கு இப்போது இரண்டே வழி. சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டு மூதாதையைக் காப்பாற்றலாம். அல்லது வாயைத் திறந்து தன் ஒன்பது வருஷத்தைத் தானே கவிழ்க்கலாம்.

மறுநாள் ஃபிரெடி வந்தான். தயாளன் சாரின் சித்தப்பா மகன்; ஞானாதிக்கம் குடும்ப நலச் சங்கத்தின் தலைவர். மூதாதை பெயரில் பித்தளைப் பலகை செய்ய ஆர்டர் கொடுத்திருந்தான். சொந்தக்காரர்கள் அறுபது பேருக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

“அண்ணா, அந்தம்மா வேலை கண்டெய்னர் பாக்கறது. கண்டெய்னரைப் பாக்கச் சொல்லுங்க. பின்னிணைப்பை யாரு படிக்கப் போறா? நானே படிக்கலை.”

“நீ முன்னாடி முந்நூறு பக்கமும் படிக்கலைடா.”

“அது வேற விஷயம். குடும்பத்துக்குன்னு இருக்கறது ஒரே ஒரு பெரிய மனுஷன். அவரையும் புளி வியாபாரி ஆக்கிடாதீங்க.”

 வியாழக்கிழமை காலை தயாளன் சார் எழும்பூருக்குப் போனார். சாயங்காலம் திரும்பியவர் என் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மூலத்தை மறுபடி பாத்தேன். நான் எங்கயாவது தப்பா எழுதியிருக்கக் கூடாதான்னு இருந்துது.”

“என்ன ஆச்சு சார்?”

“சரியாத்தான் எழுதியிருக்கேன்,” என்றார். அதைவிடத் துக்கமாக அந்த வாக்கியத்தை இன்னொருவர் சொல்லி நான் கேட்டதில்லை. “எறும்பு இருக்கு.”

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. முதல் மூன்று வரிசை குடும்ப நலச் சங்கம். தபீதாள் தன்னோடு ஜெயவேலு என்பவரைக் கூட்டி வந்திருந்தாள். திருமுடிவாக்கத்தில், வெளிநாட்டுக்குப் போகிற இயந்திர பாகங்களுக்கு மரப்பெட்டி அடிக்கிற பட்டறைக்காரர். கடைசி வரிசையில், சுவரை ஒட்டி உட்கார்ந்தார்.

சிறப்பு விருந்தினர் ஐம்பது நிமிஷம் பேசினார். பின்னட்டையைத் தாண்டிப் படிக்காமல் ஐம்பது நிமிஷம் பேசுவதும் ஒரு திறமைதான். புயல், அலை, வங்கக் கடல் என்று முழங்கினார். மோக்கா வேறு திசையில் இருந்தது. அதற்காக அவர் தயங்கவில்லை. “இன்றைய தலைமுறை நேர்மை என்றால் என்ன என்று ஞானாதிக்கத்திடம் கற்றுக்கொள்ள வேண்டும்!” ஃபிரெடி எழுந்து நின்று கைதட்டினான்.

அடுத்து தபீதாள். அவள் சொல்லிவிடுவாள் என்று நான் நினைத்தேன். “புத்தகத்துல நூத்தி பத்து பக்கம் பின்னிணைப்பு இருக்கு. கட்டாயம் படிங்க. நன்றி.” போய் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாள் படித்துத் தான் கண்டுபிடித்ததை, மைக் கைக்கு வந்த பிறகும், அவருக்கே விட்டுவிட்டாள். மேடையில் கிடைத்த மைக்கை அத்தனை சீக்கிரம் திருப்பிக் கொடுத்தவர் ஒருவரையும் நான் தாம்பரம் வட்டாரத்தில் கண்டதில்லை.

ஏற்புரைக்குத் தயாளன் சார் எழுந்தார். கையில் இரண்டே தாள்.

“ஐயா ரொம்ப உயர்வாப் பேசினார். அவர் பேசினதுக்கெல்லாம் என் புத்தகம்தான் காரணம். அந்தப் புத்தகத்துல முக்கியமான விஷயம் தப்பு,” என்றார்.

முதல் தாளைப் பார்த்துத் தொடர்ந்தார்.

“ஞானாதிக்கம் பதினொரு நாள் தண்ணி இறைச்சது உண்மை. கப்பல் குறிப்புல இருக்கு. அதை நான் அவர்கிட்டேர்ந்து பிடுங்க மாட்டேன். ஆனா துணியைக் கெடுத்தது கடல் இல்லை. அவரோட நாப்பது பொதி புளி. அதைத் துணி மேல ஏத்தினார். மோக்காவுல மூட்டையைப் பிரிச்சப்போ பக்கத்துல நின்னு பாத்தார். அவருக்குத் தெரியாம இருக்க முடியாது. தெரிஞ்சே ஆண்டியப்பன் மேல பழி போட்டார்.”

“அண்ணா, கரண்ட் போகப்போகுதாம், சீக்கிரம் முடிங்க!” என்று ஃபிரெடி குரல் கொடுத்தான்.

“போகட்டும்டா. எனக்கு மைக் வேண்டாம், நான் வாத்தியார்.” முப்பது வருஷம் அறுபது பிள்ளைகளை அடக்கிய குரல் அது, ஃபிரெடி உட்கார்ந்தான். “இதைக் கண்டுபிடிச்சது நான் இல்லை. தபீதாள். என் கண்ணு முன்னாடி ஒன்பது வருஷம் இருந்துது, எனக்குத் தெரியலை. பெருமை கண்ணை மறைச்சுடுச்சு. ஐந்நூறு பிரதியிலயும் இந்த ரெண்டு பக்கத்தை வெச்சு ஒட்டியிருக்கோம். முதல் பக்கத்துல ஒட்டியிருக்கோம், பின்னாடி இல்லை.”

நான் எத்தனையோ ஏற்புரை கேட்டிருக்கிறேன். ஏற்றுக்கொண்ட உரையை அன்றுதான் கேட்டேன். மூதாதையை முந்நூறு பக்கம் வீறுநடை போட வைத்த மனிதர், அந்த இரண்டு தாளில் ஒரு அடைமொழிகூட வைக்கவில்லை. சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார். சங்கத்தின் இரண்டாம் வரிசை எழுந்து சாப்பாட்டுப் பக்கம் போயிற்று.

கடைசி வரிசையில் ஜெயவேலு கையைத் தூக்கினார்.

“சார், ஒண்ணு கேக்கலாமா? அந்த மூட்டை கட்னவரு, ஆண்டியப்பன்னு சொன்னீங்களே... வேலயை வுட்டுத் தொரத்திட்டாங்க. அப்பால அவரு இன்னா ஆனாரு? புள்ள குட்டி இருந்திச்சா? எங்க போயி வேல பாத்தாரு?”

எந்தக் கேள்வி கேட்டாலும் அரை மணி நேரம் பதில் சொல்லக்கூடியவர் தயாளன் சார். 

“தெரியாதுங்க,” என்றார். “கட்டு முழுக்க என் கையில இருந்துது. அவனைத் தேடணும்னு எனக்குத் தோணவே இல்லை.”

“அவரு பேரு இன்னொரு எடத்துல இருக்கும் சார். வேல தெரிஞ்ச ஆளு, சும்மா குந்தினு இருந்திருக்க மாட்டாரு.”

தயாளன் சார் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். அகப்படவில்லை. தபீதாள் தன்னுடையதை நீட்டினாள். கையிலிருந்த தாளைத் திருப்பி மேஜை மேல் வைத்துக்கொண்டார்.

“மொதல் கேள்வி என்ன சொன்னீங்க? இன்னொரு தரம் நிதானமாச் சொல்லுங்க, எழுதிக்கறேன்.”