ஈரச் சுவரும் இடது கன்னமும்

உலகில் இதுவரை தோன்றிய அறிஞர்களில் சுவரை முழுமையாகப் புரிந்துகொண்டவன் நான் ஒருவனே. இதைத் தற்பெருமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வெப்பம், ஆவியாதல், காற்றோட்டம் ஆகிய பாடங்கள் நடந்தபோது நான் வகுப்பறையில்தான் இருந்தேன் என்பதற்கு வருகைப் பதிவேடு சாட்சி. சுவர் என்பது செங்கல், சிமென்ட், மணல். அதற்குக் காய்ச்சல் வராது. அதை யாரும் போய் நலம் விசாரிக்க வேண்டியதில்லை. இந்த எளிய உண்மை எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாமல் போனதுதான் வெள்ளத்தைவிடப் பெரிய சேதம்.

வெள்ளம் வந்த கதை சின்னது. மழை விடாமல் பெய்தது, தெருவுக்குப் பின்னால் இருக்கும் வாய்க்கால் எங்கள் வீட்டுக்கு வந்தது. வாசல் வழியாக வந்திருந்தால் ஒரு மரியாதை இருந்திருக்கும். குளியலறைச் சாக்கடைக் குழி வழியாக வந்தது. போகும்போது ஃபிரிட்ஜைக் கூடத்தின் நடுவில் மல்லாத்திப் போட்டுவிட்டு, எல்லா அறைச் சுவர்களிலும் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இழுத்துவிட்டுப் போயிற்று. இந்த வீட்டைக் கட்டியபோது போட்ட எந்தக் கோடும் அவ்வளவு நேராக இருந்ததில்லை என்று அப்பாவே ஒப்புக்கொண்டார்.

சேற்றை வாரிக் கொட்டினோம். மெத்தைகளைத் தெருவில் போட்டோம். ஊதிப்போன மர அலமாரியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தோம், திறந்த பிறகு அது மூட மறுத்துவிட்டது. பழுப்புக் கோட்டுக்குக் கீழே இருந்த பூச்சை எல்லாம் கொத்தி எடுத்து, புதிதாகப் பூசியும் ஆயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேலை. சுவர் காய வேண்டும்.

வேறு வீடாக இருந்தால் காய்ந்தபோது காயட்டும் என்று விட்டிருப்பார்கள். எங்களுக்கு அது முடியாது. அக்காவுக்கு வீசிங் உண்டு. ஈரச் சுவரின் நாற்றம் மூக்கில் ஏறினால் போதும், அவள் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவார்கள். அதனால் தண்ணீர் வந்த அன்றே அவளை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் அறை வீட்டின் பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் முகத்தில் இடிக்கும். சூரியன் அந்த அறையைக் கேள்விப்பட்டிருக்கலாம், வந்து பார்த்ததில்லை. அந்தச் சுவர் காய்ந்தால்தான் அக்கா வீட்டுக்கு வர முடியும்.

வராமல் அவளால் இருக்கவும் முடியவில்லை. அக்காவுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை. அத்தை வீட்டில் கதவைச் சாத்தக் கூடாது, சாத்தினால் அத்தைக்கு மனசு கஷ்டப்படும்.

"டேய், இன்னிக்கு மீட்டிங் நடுவுல அத்தை வந்து என் பின்னாடி நின்னாங்கடா" என்று போனில் சொன்னாள். "எல்லா மூஞ்சியையும் ஒரு சுத்து பாத்துட்டு, 'இதுல யாருக்குக் கல்யாணம் ஆகல?'ன்னு கேட்டாங்க."

"யாருக்கு ஆகலையாம்?"

"எங்க மேனேஜர் கையத் தூக்கிட்டார்டா. என்னை எப்படியாவது இங்கேருந்து கூட்டிட்டுப் போயிடு. சுவரு காஞ்சுதா இல்லையா?"

இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் பதில் சொல்லும் அதிகாரம் அம்மாவிடம் இருந்தது. பதில் கண்டுபிடிக்க அம்மா வைத்திருந்த கருவி, அம்மாவின் இடது கன்னம்.

காலையில் எழுந்ததும் அம்மா அந்த அறைக்குப் போவாள். புடவைத் தலைப்பால் கன்னத்தைத் துடைத்துக்கொள்வாள். பிறகு சுவரோடு சுவராகச் சாய்ந்து, கன்னத்தை ஒட்டி வைத்து, கண்ணை மூடி நிற்பாள். பார்க்கிறவர்களுக்குச் சுவர் ஏதோ ரகசியம் சொல்கிறது, அம்மா கேட்கிறாள் என்று தோன்றும். ஜன்னல் ஓரம், கதவு ஓரம், கட்டில் போடும் மூலை, கடைசியில் உட்கார்ந்து தரைக்கு மேலே ஒரு சாண். எழுந்து வந்து "சில்லுங்குது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். கன்னத்தில் சிமென்ட் வெள்ளை அப்படியே இருக்கும். அதோடு கடைக்கும் போய் வருவாள்.

"அம்மா, கையை வெச்சுப் பாத்தா தெரியாதா?" என்று கேட்டேன்.

"கை பாத்திரம் தேய்க்குது, துணி துவைக்குது. அதுக்கு என்னடா தெரியும்? கன்னம்தான் பொய் சொல்லாது."

"நெத்தியை வெச்சா இன்னும் மரியாதையா இருக்குமே?"

"உன் வாயை வெச்சுப் பாரு. சூட்டுல உடனே காஞ்சிடும்."

நான் விடவில்லை. தினமும் காலையில் அக்காவுக்குப் போன் செய்து, செய்தி வாசிப்பவரின் குரலில் அறிக்கை வாசித்தேன். "வணக்கம். இன்றைய தலைப்புச் செய்தி. கன்னம் சுவரைச் சந்தித்தது. பேச்சுவார்த்தை தோல்வி." அக்கா சிரிப்பாள். சிரித்து முடித்ததும், "எந்தக் கன்னம்?" என்பாள். "இடது" என்பேன். "அப்ப நம்பிக்கை இருக்கு. இன்னும் வலது பாக்கி" என்பாள். பின்னால் அத்தை "யாருடி போன்ல?" என்பது கேட்கும்.

ஆனால் சுவர் காயவே இல்லை. பக்கத்து வீடுகள் எல்லாம் காய்ந்து, வெள்ளையடித்து, கதவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தன. எங்கள் சுவர் மட்டும் அடம்பிடித்தது. இதற்குக் காரணம் என் குடும்பத்தார்தான் என்பதை நான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

அம்மா காற்று வர ஜன்னலைத் திறந்து வைப்பாள். வெளிக்காற்றில் ஈரம் இருக்கிறது என்று அப்பா வந்து சாத்துவார். நான் டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்து வைத்தால், மோட்டார் சூடாகிறது என்று அப்பா அதைத் தன்னைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார். போதாக்குறைக்கு மாமா வேறு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அடுத்த தெருவில் இருக்கிறார். வீடு சரியாகும் வரை தினமும் மத்தியானம் வந்து உதவி செய்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். எங்களுக்கு அது தூங்கும் நேரம். அவர் என்ன உதவி செய்கிறார் என்று யாரும் எழுந்து போய்ப் பார்த்ததில்லை. வாளிச் சத்தம் கேட்கும். தரையைத் துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். நல்ல மனுஷன் என்று அம்மா தூக்கத்திலேயே சொல்வாள்.

இப்படியே போனால் அக்கா அத்தை வீட்டிலேயே ஓய்வூதியம் வாங்குவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அறிவியல் தலையிட வேண்டிய நேரம். அம்மா கல்யாண வீட்டுக்கு வெளியூர் போன அன்று சாயங்காலம், அந்த அறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பா விரல் கணுவால் தட்டிப் பார்த்தார்.

"காஞ்சுதான்டா இருக்கு. உங்கம்மா சும்மா சுவரைக் கொஞ்சிட்டு இருக்கா."

"அதைத்தான் நான் கரடியா கத்திட்டு இருக்கேன்."

அவ்வளவுதான். பெயின்ட் வாங்கி வந்தோம். அக்காவுக்குப் பிடித்த இளம் பச்சை. அப்பா மேலே, நான் கீழே. அம்மா திரும்பி வந்தபோது சுவர் பளபளவென்று இருந்தது. அம்மா அறை வாசல்படியிலேயே நின்று, "கன்னம் வெக்க இடம் வெச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள். அறையைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். திறந்தாள். மறுபடி சாத்தினாள். உள்ளேயிருந்து, "டேய், கதவு சாத்துதுடா!" என்று கத்தினாள். அந்தக் குரலைக் கேட்டபோது, எனக்கு ஒரு சிலை வைத்தால் எந்த முக்கில் வைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் என் முதுகில் தட்டினார்கள். அதில் ஒருவன் நான்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அக்கா படுத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த விசில் கேட்டது. முதலில் ஏதோ வண்டி என்று நினைத்தேன். உள்ளே போனபோது அவள் கட்டிலின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. பேச வரவில்லை. இன்ஹேலரைக் கையால் தேடிக்கொண்டிருந்தாள், அது எதிரிலேயே இருந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். எடுத்த அவசரத்தில் மூடி கழன்று உருண்டு ஓடியது. அம்மா முதுகைத் தடவினாள். அப்பா ஜன்னலைத் திறந்தார், அவராகவே.

விசில் மெல்ல அடங்கியது. அப்போதுதான் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன். இளம் பச்சை கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. ஒன்றை நகத்தால் கீறினேன். தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே கறுப்பாகப் பூஞ்சை, தொட்டால் பிசுபிசுவென்று ஈரம்.

அக்கா சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கலர் நல்லாருந்துச்சுடா" என்றாள். பெட்டியை மூடினாள். அத்தை வாசலில் ஆட்டோவோடு நின்றுகொண்டிருந்தார், "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றபடி. அவர் எப்போது சொன்னார், என்ன சொன்னார் என்பது எங்கள் யாருக்கும் நினைவில்லை.

ஆட்டோ போன பிறகு வீட்டில் ஆளாளுக்கு ஒரு திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அப்போது மாமா வந்தார். வழக்கம்போல நேராகப் பின்பக்கம் போனார். வாளிச் சத்தம் கேட்டது. இந்த முறை எல்லோரும் விழித்திருந்தோம்.

போய்ப் பார்த்தால், மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரைக் குவளை குவளையாக மொண்டு அக்கா அறைச் சுவரில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அம்மா கத்தினாள். "டேய்! என்னடா பண்றே?"

"சுவரைக் கழுவுறேன்க்கா."

"எதுக்குடா?"

"காயவே மாட்டேங்குதுன்னு சொன்னியே. சாக்கடைத் தண்ணி ஏறின சுவரு, கிருமி செத்தாத்தானே காயும்? தினமும் கழுவுறேன், அப்பவும் காய மாட்டேங்குது. அதான் இன்னிக்கு ரெண்டு வாளி."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "தினமுமா? மச்சான், தினமுமா ஊத்துனீங்க?"

"ஒரு நாள்கூட விடல, அத்தான்" என்றார் மாமா பெருமையாக. "பெயின்ட் அடிச்ச அன்னிக்கும் மத்தியானம் வந்து கழுவிட்டுத்தான் போனேன். சாயங்காலம்தானே அடிச்சீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். அன்றைய வெக்கையில் மேல்தோல் மட்டும் காய்ந்த சுவரைத்தான் அன்று தட்டிப் பார்த்திருக்கிறோம். பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினோம். ஜன்னலைச் சாத்தியது யார், ஃபேனைத் திருப்பியது யார், மத்தியானம் தூங்கியது யார், தட்டிப் பார்த்து சர்டிபிகேட் கொடுத்தது யார் என்று பழைய கணக்குகள் எல்லாம் வெளியே வந்தன. மாமா நடுவில் புகுந்து, "அப்ப நாளைக்குக் கழுவ வேண்டாமா?" என்று கேட்டார். அம்மா அவர் கையிலிருந்த குவளையைப் பிடுங்கினாள்.

அன்றிலிருந்து வீட்டில் அம்மா ஆட்சி. ஜன்னல் திறந்தது திறந்தபடி. ஃபேன் சுவரைப் பார்த்தது பார்த்தபடி, அப்பா வியர்வையோடு பேப்பர் படித்தார். மாமாவுக்கு வாளியைத் தொடத் தடை. அவர் தினமும் வந்து, சும்மா உட்காரத் தெரியாமல், மூட மறுத்த மர அலமாரியை இழைப்புளி வைத்து இழைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுரண்டும் வேலை. இளம் பச்சையைத் தகடு வைத்துச் சுரண்டிச் சுரண்டி என் தலைமுடி, இமை, மூக்கு எல்லாம் இளம் பச்சையானது. நான் அடித்த பெயின்ட் ஈரச் சுவரில் ஒட்டாமல் போனாலும் என் மேல் நன்றாகவே ஒட்டும் என்பதை அறிவியல் குறித்துக்கொள்ளலாம்.

அம்மாவின் கன்னம் தன் வேலையைத் தொடர்ந்தது. சில்லுங்குது. சில்லுங்குது. ஒரு நாள் "மேல பரவால்ல" என்றாள். அன்று வீட்டில் எல்லோரும் இரண்டாவது டீ குடித்தோம்.

நான் அறிக்கை வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அக்காவும் கேட்கவில்லை. இன்று காலை போன் அடித்தது. அக்கா.

"டேய், அத்தை எங்க மேனேஜரோட ஜாதகத்தைக் கேட்டிருக்காங்கடா. அவரும் அனுப்பிட்டார். என்னால முடியல. உண்மையச் சொல்லு. சுவரு எப்படி இருக்கு? நான் வரலாமா?"

"இரு, அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்."

அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் பேப்பரோடு. மாமா வரும் நேரம் இல்லை. போனைக் காதில் வைத்தபடியே பின்பக்க அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன்.

உள்ளங்கையை வைத்தேன். காய்ந்துதான் இருந்தது. அன்றும் காய்ந்துதான் இருந்தது.

சட்டை நுனியால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஜன்னல் ஓரம் பரவாயில்லை. கதவு ஓரம் பரவாயில்லை. கட்டில் போடும் மூலைக்குப் போனேன். உட்கார்ந்து, குனிந்து, தரைக்கு மேலே ஒரு சாண் இடத்தில் சாய்ந்தேன். கண் தானாக மூடிக்கொண்டது.

"என்னடா சத்தத்தையே காணோம்? அம்மா என்ன சொன்னாங்க?"

"இல்லக்கா. இன்னும் வராதே. கீழ சில்லுங்குது."

"அம்மா சொன்னாங்களா?"

"அம்மா குளிக்கிறாங்க."

அந்தப் பக்கம் அக்காவின் மூச்சு சீராக வருவது போனில் கேட்டது. பிறகு மெதுவாக, "எந்தக் கன்னம்?" என்றாள்.

போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டு, வலது கன்னத்தையும் வைத்துப் பார்த்தேன்.