அக்காவுக்கு வியர்வை, தங்கைக்குக் குளிர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பேருந்தில். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஜன்னலைத் திறப்பாள், மற்றவள் மூடுவாள். மலை ஏறி முடியும்வரை இதேதான். நடுநடுவே இருவரும் சிரித்த சிரிப்பில் நடத்துநர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். என் காதில் முழுதாக விழுந்தது ஒரே வாக்கியம்: "நான் சோம்பேறி இல்லக்கா, தைராய்டு!"

மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: 'கல்வராயன் மலையின்மேல் மேகங்கள் தவழ்ந்து...' [வேண்டாம். மேகம் எல்லார் கதையிலும் தவழ்கிறது.]

இரண்டாவது: 'கரியாலூர் சாமியம்மாளுக்குத் தை மாதக் குளிரிலும் வியர்த்தது.' இது நிற்கும்.

வியர்த்தது மட்டுமா? மூன்று வேளையும் களி தின்றும் இளைத்துக்கொண்டே போனாள். சாமை புடைத்தால் முறம் கையில் தானாக ஆடியது. நெஞ்சு படபடத்தது, கழுத்து வீங்கியது. அவள் போடும் சத்தத்துக்குப் பயந்து புருஷன் மாயவன் பாதி நாள் கொல்லையிலேயே கிடந்தான். கடைசியில் அவன்தான் அவளைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனான்.

ரத்தம் பார்த்த டாக்டரம்மா, "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது தைராய்டு இருக்கா?" என்று கேட்டார்.

"அம்மாவுக்குக் கழுத்து வீங்கிக்கினு இருந்துச்சுங்க. அது போய்ச் சேந்துடுச்சு. வெள்ளிமலையில தங்கச்சி இருக்கா. அவளுக்கு நோவு ஒண்ணும் இல்லீங்க. சோம்பேறி, அவ்ளோதான்."

"எப்படிச் சோம்பேறி?"

"எப்பப் பாத்தாலும் தூங்கிக்கினு இருப்பா. வெயில்லயும் போத்திக்குவா. கம்மியாத்தான் துன்னுவா, ஆனா ஊதிக்கினே போறா. முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது. ரெண்டு வாட்டி புள்ள தங்கல..."

சொல்லச் சொல்லச் சாமியம்மாளின் குரல் இறங்கியது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்திருந்தார்.

"உடம்பைக் காக்குற சக்தியே தைராய்டை எதிரின்னு நெனச்சுக்குது. உங்களுக்கு அதைத் தூண்டிவிட்டு ஜாஸ்தியாச் சுரக்க வெச்சிருக்கு. தங்கச்சிக்கு அதை அழிச்சுக் கம்மி பண்ணியிருக்கலாம். ரெண்டுக்கும் வேர் ஒண்ணா இருக்கும். இந்த உடல்வாகு குடும்பத்துல வரும். அவங்களைச் சீக்கிரம் கூட்டிட்டு வாங்க."

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: குடும்பத்தில் வரும் என்றால் தலைவிதி என்று பொருளில்லை. ஒரே மரபணு செய்யும் வேலையுமல்ல. பல மரபணுக்கள் ஆளுக்கொரு சின்னத் தள்ளு தள்ளுகின்றன. ஒரே கருவில் உருவான இரட்டையரிலேயே ஒருத்திக்கு வந்து மற்றவளுக்கு வராமல் போவதுண்டு. இதையும் டாக்டரம்மா வாயில் வைத்துப் பார்த்தேன். பாடம் நடத்துவதுபோல் இருந்தது, எடுத்துவிட்டேன்.]

3

இங்கே எனக்குச் சாமியம்மாள்மேல் ஒரு சந்தேகம். இரண்டு வருடத்துக்கு முன் அறுப்பில், அத்தனை பேர் நடுவே, "சோத்துக்கு மட்டும் எழுந்துப்பா" என்று தங்கை பெருமாயியைச் சொன்னவள் இவள். அன்றோடு பேச்சு நின்றது. அப்படிப்பட்டவள் உடனே ஓடுவாளா? தயங்கித் தயங்கிப் போனதாக ஒரு பக்கம் எழுதினேன். பிறகுதான் உறைத்தது: ஓரிடத்தில் உட்காரவே முடியாத நோய்க்காரியை எப்படித் தயங்க வைப்பது? கிழித்துப் போட்டேன். அவள் பேருந்து பிடித்து நேராக வெள்ளிமலைக்கே போய்விட்டாள்.

பெருமாயி போர்வைக்குள் கிடந்தாள். பிள்ளை தங்கவில்லை என்று, அவள் புருஷன் பெரியண்ணனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என மாமியார் பேச்செடுத்திருந்த சமயம் அது.

"ஏய், எழுந்திரு! ஒனக்கு நோவுடி!"

"ரெண்டு வருசம் கழிச்சு வந்து இன்னா சாபம் குடுக்கற?"

"சாபம் இல்லடி, நல்ல சேதி! நீ சோம்பேறி இல்ல. நான் சொன்னது தப்பு. எனக்கும் அந்த நோவுதான். நம்ம அம்மா வழியில வந்ததாம்."

பெருமாயி எழுந்து உட்கார்ந்தாள். அக்காவின் நடுங்கும் கையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கேட்டாள்:

"அப்ப உன் கோவமும் நோவுதானா?"

"பாதி."

"மீதி?"

"அது என்னுது."

இருவரும் சிரித்த சத்தத்தில் மாமியார் எட்டிப் பார்த்தாள்.

ரத்தப் பரிசோதனை டாக்டரம்மா சொன்னதையே சொன்னது. அக்காவுக்கு ஒரு மாத்திரை, தங்கைக்கு வேறொன்று, காலையில் வெறும் வயிற்றில். நான் அவர்களைப் பார்த்தது அன்று மாத்திரையோடு அவர்கள் மலையேறும்போதுதான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த விதைப்பில் பெருமாயி மண்வெட்டி பிடித்தாள். மாமியார் பெண் பார்க்கும் பேச்சை விட்டாள். அதற்கடுத்த வருடம் பெருமாயிக்கு நாள் தள்ளிப்போனது.

4

ஒரு முடிவில் அந்தக் கர்ப்பமும்... [இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.]

பெண் குழந்தை பிறந்தது. அதன் குதிகாலில் ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்த்தார்கள்; குறையில்லை.

"இதுக்கும் பின்னால வருமாங்க?" என்றாள் பெருமாயி.

"வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டரம்மா. "வந்தா கண்டுபிடிக்க வீட்டுல ரெண்டு பேர் இருக்கீங்களே!"

வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். அதை எழுத வேண்டியவள் இப்போது தொட்டிலில் கிடக்கிறாள். பெயர்கூட வைத்தபாடில்லை. பெரியநாயகி என்கிறாள் அக்கா, ஆண்டாள் என்கிறாள் தங்கை, இருவரும் விடுவதாயில்லை. நீங்களே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். அங்கே மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.