உரித்துக்காரர்

பவளராணி வேட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்துவிட்டு இரண்டு கைகளாலும் இழுத்தாள். துணி நீளமாகக் கிழிந்தது. துண்டை மடித்துக் கட்டிலில் வைத்தாள். மறுபடி கடித்தாள்.

வசீகரன் சப்பாத்துகளைக் கையில் பிடித்தபடி அறை வாசலில் நின்றான். அது அப்பாவின் வேட்டி. அப்பாவுக்கு உடுத்திவிடச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. தொற்றில் இறந்தவர்களுக்கு உடுப்பு மாற்றுவதில்லை, பெட்டியை மூடியாயிற்று என்று வாசலில் நின்ற தாதி பையை அப்படியே திருப்பித் தந்திருந்தாள்.

"ஏனம்மா கிழிக்கிறியள்?"

"தேவையாயிருக்கு."

நாலு துண்டுகள் வந்தன. அவள் அவற்றைப் பையில் வைத்தாள். கீழே சந்தை திறந்திருந்தது. மீன்காரன் முகக்கவசத்தை நாடிக்கு இறக்கிவிட்டுக் கூவிக்கொண்டிருந்தான். ஜன்னலைச் சாத்தினாள்.

நேற்றுப் பின்னேரம் அவன் அவளிடம் சொல்லியிருந்தான். வரும் ஞாயிறு கல்லூரிக் கிண்ணம் தொடங்குகிறது. ஊரின் நாலு கல்லூரிகளின் பழைய மாணவர்கள், குளிர்காலம் முழுக்க ஞாயிறுதோறும் ஒரு தேவாலயத்தின் மண் மைதானத்தில் ஆடும் உதைபந்தாட்டம். பழைய மாணவர்களில் பாதிப் பேர் இப்போது அவர்களுடைய பிள்ளைகள். வசீகரன் இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் பிறந்தவன். வன்னியில் அப்பா படித்த கல்லூரியை அவன் கண்டதில்லை. இந்த வருடம் அதன் அணித்தலைவன்.

அப்பா சிறீஸ்கந்தராசா போட்டிக்குழுவின் தலைவர். மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். ஞாயிறு காலைகளில் மைதானத்துக்குச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். கோடை முடிய நடந்த கூட்டத்தில், இந்த வருடம் ஆட்டம் வேண்டாம், நிப்பாட்டுவம் என்றார். அணித்தலைவர்கள் கேட்கவில்லை. மார்ச்சிலிருந்து வீட்டுக்குள் கிடந்தாயிற்று. ஜெர்சி அடித்தாயிற்று. அந்த மைதானத்துப் பக்கம் பொலிஸ் வருவதில்லை. கையைத் தூக்குங்கோ பாப்பம் என்றான் அணித்தலைவர்களில் ஒருவனான சூசைதாசன். நாலு கைகள் எழுந்தன. வசீகரனுடையது கடைசியாக எழுந்தது. தலைவருக்கு வாக்கு இல்லை. அப்பா சிரித்தார். அப்ப கோடு போட ஒருத்தன் வேணுமே என்றார். முதல் பயிற்சிக்கு வந்து கோடு போட்டார்.

அந்தக் கிழமையே வீட்டில் மூன்று பேருக்கும் காய்ச்சல். யாரிடமிருந்து யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கு விட்டது.

இப்போது கிண்ணத்துக்குப் பெயர் மாற்றியிருந்தார்கள். சிறீ அண்ணை ஞாபகார்த்தக் கிண்ணம். வாசலில் படம், கையில் கறுப்புப் பட்டி, ஒரு நிமிட மௌனம், பிறகு ஆட்டம். அம்மாவிடம் கேட்டுச் சொல்லு என்று வசீகரனிடம் விட்டிருந்தார்கள். அவன் சொல்லி முடித்தபோது பவளராணி ஒன்றுதான் கேட்டாள்.

"எத்தினை கல்லூரி?"

"நாலு."

இன்று விடியக் குசினிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் போனில் ஐயருடன் கதைத்துக்கொண்டிருந்தாள். "அப்ப அந்தியேட்டி வரைக்கும், என்ன ஐயா? ஓம். அதைத்தான் கேட்டனான்." அவன் தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டான்.

சவக்காலை வாசலில் மற்ற மூன்று அணித்தலைவர்களும் நின்றார்கள். வேறு யாரையும் காவலாளி உள்ளே விடவில்லை. சூசைதாசன் கறுப்புப் பட்டிகளை எடுத்து மற்றவர்களின் கையில் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு பொலித்தீன் பை நிறைய இருந்தது. ஞாயிற்றுக்கும் சேர்த்து வாங்கியிருந்தான்.

"அண்ணை இப்ப நிண்டிருந்தா விசில் ஊதி, எங்களைத் தள்ளித் தள்ளி நிக்கச் சொல்லுவார்" என்றான் கேதீஸ்வரன். தவநேசன் சிரித்தான். பவளராணி வருவதைக் கண்டு நிறுத்தினான்.

சூசைதாசன் முன்னால் வந்தான். கை கூப்பினான். ஞாயிற்றுக்கிழமை அண்ணையின் படத்துக்கு அவள்தான் மாலை போட வேண்டும், அவள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் பொடியளுக்கு அது பெரிய பலம் என்றான். நன்றாகத்தான் சொன்னான். கண்கள் சிவந்திருந்தன. அவள் அவனுடைய கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

வேன் வந்தது. அடக்க ஏற்பாட்டுக்காரர் இறங்கி, கையுறை போட்டால் பெட்டியை நீங்களே தூக்கலாம் என்று இத்தாலிய மொழியில் சொன்னார். வசீகரன் பெட்டியின் நீளத்தைப் பார்த்தான். அப்பா அவ்வளவு உயரமில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றாள் பவளராணி. பையைத் திறந்தாள். "அவரின்ரை கூடப்பிறந்ததுகள் ஊரிலை. பிளேன் இல்லை. ஒருத்தரும் வரேலாது. உரித்துக்கு ஆக்கள் வேணும்."

பெட்டியை யாரும் தூக்கலாம். உரித்து அப்படியல்ல. அது தம்பிமாரும் அவர்களின் பிள்ளைகளான பெறாமக்களும் ஏற்பது. தோளில் குறுக்காக வெள்ளைத் துண்டைப் போட்டால், போட்டவன் இறந்தவரின் வீட்டு ஆள்.

முதல் துண்டை வசீகரனுக்குப் போட்டாள். அவன் குனிந்தான். அதில் பெட்டகத்து நப்தலின் மணம் இருந்தது. இரண்டு கிழமையாக அவனுக்கு ஒரு மணமும் தெரியாமல் இருந்தது.

கேதீஸ்வரன் கேட்காமலே தோளைக் காட்டினான். அண்ணைக்கு நான் செய்யாமல் ஆர் செய்யிறது என்றான். அழுதான். தவநேசன் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு வாங்கினான்.

நாலாவது துண்டை அவள் சூசைதாசனிடம் நீட்டினாள்.

"அக்கா, நான் வேதக்காரன்."

"தெரியும்."

"எங்களுக்கு இதுகள் இல்லையே."

"அவர் உம்மைத் தம்பி எண்டுதான் கூப்பிட்டவர்."

அவன் துண்டை விரல்களுக்கிடையில் பிடித்திருந்தான். கிறிஸ்தவனானாலும் சைவக்காரர்களோடு ஒரே அறையில் பல வருடம் குடியிருந்தவன். அவன் துணியைப் பார்த்தான். பிறகு மற்ற இரண்டு பேருடைய தோள்களையும் பார்த்தான்.

"இதைப் போட்டாத் துடக்கெல்லோ?"

"ஓம்."

"எதுவரைக்கும்?"

"அந்தியேட்டி வரைக்கும்."

கேதீஸ்வரனின் கை தோளுக்குப் போய் அங்கேயே நின்றது. சாவுத் தீட்டுள்ள துடக்குக்காரன், சாம்பல் கரைக்கும் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை கோயிலுக்குப் போகமாட்டான். நல்ல காரியங்களில் முன்னுக்கு நிற்கமாட்டான். கிண்ணம் தொடங்கும்போது அணித்தலைவர்கள்தான் மங்கல விளக்கேற்றுவார்கள். துடக்குக்காரன் விளக்கில் கைவைக்கமாட்டான். விளக்கேற்றாமல் ஆட்டம் தொடங்காது.

"அந்தியேட்டி எரிச்சாப் பிறகுதானே" என்றான் தவநேசன் மெதுவாக.

ஏற்பாட்டுக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். மதிலுக்கு அப்பால் ஒரு மோட்டார்சைக்கிள் போனது.

சூசைதாசன் வசீகரனிடம் திரும்பினான்.

"உனக்கு முதலே தெரியுமோடா?"

அம்மா அவனைப் பார்க்கவில்லை. பையின் கைபிடியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றான் வசீகரன்.

"நீயும் கை தூக்கினனியெல்லோ?"

"ஓம்."

சூசைதாசன் தலையை ஆட்டினான். முகக்கவசத்துக்குள் பெரிதாக மூச்சு விட்டான். "அப்ப நான் மட்டும் அங்கை தனிய நிண்டு, எனக்கு நானே கோல் அடிக்கிறதோ" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் கறுப்புப் பட்டிகளின் பையைக் காற்சட்டைப் பைக்குள் திணித்தான். துண்டைத் தோளில் குறுக்காகப் போட்டு நுனிகளை முடிந்தான். முடிச்சு பிழையாக விழுந்தது. பவளராணி அவிழ்த்து, சரியாக முடிந்துவிட்டாள்.

நாலு பேரும் தூக்கினார்கள்.

அது நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. உள்ளே தகரப் பெட்டி ஒன்று இருப்பதால் என்று ஏற்பாட்டுக்காரர் முன்னால் நடந்தபடி சொன்னார். சைப்பிரஸ் மரங்களுக்கு நடுவே பாதை மேட்டில் ஏறியது. சூசைதாசன் அடி எண்ணிக்கொடுத்தான், பயிற்சியில் எண்ணுவதுபோல. ஒரு முறை எண்ணுவதை நிறுத்தி, அண்ணை மன்னியும் என்றான். பிறகு தொடர்ந்து எண்ணினான்.

மேலே ஒரு வெள்ளைக் கூடாரம் இருந்தது. உள்ளே மரத் தட்டுகளில் பெட்டிகள் வரிசையாக இருந்தன. எரிப்பதற்குக் காத்திருப்பவை. சிலவற்றின் மேல் பூக்கள் காய்ந்திருந்தன. ஒன்றின் மேல் ஒரு பெண்ணின் படம் சாய்ந்திருந்தது. அவர்கள் இடம் பார்த்து இறக்கினார்கள். வெளியே மழை தூறத் தொடங்கியது.

பவளராணியால் பெட்டியைச் சுற்றி வர முடியவில்லை. இடைவெளி போதவில்லை. தலைமாட்டில் நின்றாள். உள்ளங்கையை மூடியின் மேல் வைத்து எடுத்தாள்.

ஏற்பாட்டுக்காரர் வசீகரனைப் பக்கத்தில் அழைத்தார். உலைக்கு நீண்ட வரிசை என்றார். கிழமைகள் ஆகலாம். மாதங்களும் ஆகலாம். உங்கள் மதத்தில் உடனே எரிக்க வேண்டும் என்று தெரியும், அம்மாவிடம் நான் வருந்துகிறேன் என்று சொல்லுங்கள், வேறு ஊரில் இடம் கிடைக்குமா என்று வேண்டுமானால் விசாரிக்கிறேன் என்றார்.

வசீகரன் எல்லாவற்றையும் தமிழில் சொன்னான். அணித்தலைவர்கள் கூடார வாசலில் நின்று கேட்டார்கள்.

"அவசரமில்லை எண்டு சொல்லு" என்றாள் பவளராணி.

அவன் சொன்னான். அவன் சொல்லைப் பிழையாகப் போட்டுவிட்டான் என்று நினைத்து அந்த மனிதர் திரும்பக் கேட்டார். அவன் அதே சொல்லைத் திரும்பச் சொன்னான். குரல் உடைந்தது. செருமிவிட்டு மூன்றாம் முறை சொன்னான்.

வெளியே வந்தார்கள். மழையில் நனைந்த துண்டு அவனுடைய தோளிலிருந்து நழுவியது. அம்மா எட்டி அதை இழுத்து, இருந்த இடத்தில் வைத்தாள். கையை உடனே எடுக்கவில்லை.