உபவாசம் முடிந்த பிறகும்

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து நோன்பு வந்தது ஜெரூஷாவுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. அதுவரை அந்தச் சேலையூர் வீட்டில் சாப்பிடாமல் தப்பிக்க வேளைக்கு ஒரு பொய் தேவைப்பட்டது. காலேஜ் கேன்டீனில் சாப்பிட்டேன், தலைவலி, ஃபிரெண்டு வீட்டில் டிபன். இப்போது ஒரே வார்த்தை போதும், உபவாசம்.

அப்பா சத்தியநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை. சபையில் எழுந்து நின்று, "என் மகளுக்கு இந்த வயசுலயே இவ்வளவு பக்தி" என்று சாட்சி சொன்னார். மகளின் மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று விழுவதை மனுஷன் பார்க்கவில்லை. பார்க்கிற ஆளா அவர்! அவருக்கு வீடு என்பது கோயிலுக்குப் போட்டுப் போகும் சட்டை மாதிரி, ஒரு சுருக்கம் தெரியக் கூடாது. அங்கே யாரும் கத்தியதில்லை, யாரும் அழுததுமில்லை. "எங்க வீட்ல சண்டையே கிடையாது" என்று அம்மா தபீதாள் வருகிறவர்களிடம் சொல்லும்போதெல்லாம் ஜெரூஷாவுக்கு மூச்சு முட்டும்.

ஆனால் லெந்துக்கும் ஒரு முடிவு உண்டே. ஈஸ்டர் நெருங்க நெருங்க காலண்டரைப் பார்ப்பதையே விட்டாள். பரீட்சைக்குக்கூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

ஈஸ்டர் மதியம் மட்டன் பிரியாணி. விருந்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு ஈவ்லின் ஆன்ட்டி, "முதல் கரண்டி நம்ம ஜெரூஷாவுக்குத்தான்!" என்று தட்டு நிறையக் கொட்டினாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். ஒரு வாய் எடுத்தாள், அப்படியே தட்டில் திரும்ப வைத்தாள். இத்தனை பிரியமாகப் பார்க்கிறார்களே, ஒருத்தருக்காவது தெரிய வேண்டாமா என்று ஆத்திரமாக வந்தது. தெரிந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

"அப்பா, நான் உபவாசமே இருக்கல" என்றாள். "என்னால சாப்பிட முடியல. லெந்துக்கு முன்னாடியே இப்படித்தான்."

சத்தியநாதன் சிரித்த முகம் மாறாமல், "வெயில் பாருங்க, அதான். பச்சடி போட்டுக்கோங்க ஈவ்லின்" என்றார்.

ஜெரூஷா எழுந்து சமையலறைக்குப் போனாள். தபீதாள் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"உனக்குக்கூடத் தெரியலையாம்மா?"

"உன் சுடிதாரை எத்தனை தடவை பிடிச்சுத் தைச்சிருக்கேன்? தெரியாம இருக்குமாடி?"

"அப்புறம் ஏன் கேக்கல?"

தபீதாள் குரலைத் தாழ்த்தினாள். "கேட்டா நீ சொல்லிடுவியேன்னு பயம்."

ஹாலிலிருந்து அப்பா கூப்பிட்டார். "தபீதா, ஆன்ட்டிக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு!"

கல்யாணமான இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாகத் தபீதாள் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லவில்லை.

"இப்ப கேக்கறேன்" என்றாள். "சொல்லு."