மூக்கில் ரத்தம் வரும் வரைக்கும்

டயர்கடைக்காரனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோபம் மூக்கு வழியாகவே வெளியேறும் என்பது அவன் பெண்டாட்டி தையல்காரிக்கு மட்டும்தான் தெரியும்.

அடிப்பதற்கு அவனுக்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை. சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது, கூப்பிட்ட குரலுக்கு அவள் உடனே வரவில்லை, அது போதும். முதலில் கன்னத்தில் அறை. பிறகு முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதுவான். கத்தக் கத்த முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கடைசியில் குபுக்கென்று அவன் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டும். சொட்டுச் சொட்டாக இல்லை, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. உடனே முடியை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு "துண்டு கொண்டா" என்பான். அவள் தன் உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவனுக்குத் துண்டு கொண்டுவருவாள். அன்றைய அடி அதோடு முடிந்தது.

கடவுள் தனக்காகக் கண்ணைத் திறக்காவிட்டாலும் அவன் மூக்கையாவது திறக்கிறாரே என்று அவள் நினைத்துக்கொள்வாள். ரத்தக்கொதிப்பு ஏறட்டும் என்று அவன் சாப்பாட்டில் உப்பு ஒரு சிட்டிகை கூடுதலாகவே விழும். பாவம்தான். ஆனால் சுவரில் மோதுகிற தலை அவளுடையது, பாவ புண்ணியம் பேசுகிறவர்களுடையது இல்லை.

போன மாதம் ரத்தம் நிற்கவேயில்லை. தொண்டைக்குள் இறங்கி, கட்டி கட்டியாக வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் முழநீளத் துணியை மூக்குக்குள் திணித்தபோது அவன் போட்ட சத்தத்தில் வராண்டாவே எழுந்து நின்றது. துணியை எடுத்ததும் மறுபடி கொட்டியது.

அவனுடைய அக்காதான் புது வைத்தியத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். அடுத்த தெருவில் இருப்பவள், நல்லவள். தம்பி பெண்டாட்டியின் முகத்தில் வீக்கத்தைப் பார்த்தால் அன்றைக்கு மட்டும் அவளுக்குக் கண் மங்கிவிடும். "கத்தி வைக்க மாட்டாங்களாம், போன அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாமாம். மூக்கு சரியாயிட்டா தம்பிக்குக் கோபமும் குறைஞ்சிடும் பாரு" என்றாள்.

டாக்டரம்மா இளவயசுக்காரி. அவனை நாற்காலியில் உட்காரவைத்து, நிற்கிற பெண்கள் இருவருக்கும் விளக்கினாள்.

"மணிக்கட்டுல ஊசி குத்துற அளவுக்குத்தான் ஓட்டை. அது வழியா நூல் மாதிரி ஒரு குழாயை ரத்தக்குழாய்க்குள்ளயே மேல கொண்டுபோய், மூக்குக்குப் போற கிளையை உள்ளேருந்து அடைச்சிடுவோம். மணல் மாதிரி சின்னச் சின்னத் துகள் வச்சு. முழு மயக்கம் வேண்டாம். காலைல வந்தா சாயங்காலம் போயிடலாம்."

"சாயங்காலமேவா?" என்றாள் தையல்காரி. "ரெண்டு நாள் இங்கயே வச்சிக்க மாட்டீங்களா?"

"எதுக்கும்மா? பயப்படாதீங்க."

"இதை நிறுத்தியே ஆகணுமா டாக்டர்?"

டாக்டரம்மா சிரித்தாள். நாத்தனாரும் சிரித்தாள். "புருஷன் மேல அவ்வளவு பயம் அவளுக்கு" என்று சொல்லி, தான் சொன்னது எவ்வளவு உண்மை என்று தெரியாத மாதிரியே முதுகில் தட்டிக்கொடுத்தாள். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

சிகிச்சை சொன்னபடியே முடிந்தது. வலது மணிக்கட்டில் இறுக்கமாக ஒரு கட்டு. அந்தக் கையால் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். டயர்கடைக்காரனுக்கு இடது கை ஒன்று இருப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

சாயங்காலம் அவர்களைக் கொண்டுவந்து விட்ட நாத்தனார் வீட்டு வாசலோடு போய்விட்டாள். அவன் கதவைத் தாழ்ப்பாள் போட்டான்.

"ரெண்டு நாள் வச்சிக்கச் சொன்னியே, எதுக்கு? என்னை ஆஸ்பத்திரில தள்ளிட்டு எவனைப் பாக்கப் போற?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லங்க..."

இடது கை அறை கண்ணில் விழுந்தது. அவள் தையல் மிஷின் மேல் சாய்ந்தாள். முடியைப் பிடித்து இழுத்து, வயிற்றில் முழங்காலால் இடித்தான். கீழே விழுந்தவளை விலாவில் உதைத்தான். கத்தினான். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அவள் தரையில் கிடந்தபடி, ஒரு கண்ணால் அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். வா, வந்துவிடு, இப்போது வந்துவிடு.

அவனுக்கும் பழக்கம் விடவில்லை. உதையை நிறுத்திவிட்டு மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தான். விரல் காய்ந்திருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாத்தியா? நின்னுபோச்சுடி!"

இனி இது எப்போது முடியும்? அவன் கை வலித்தால் முடியும், அல்லது அவள் செத்தால் முடியும். அவன் கை அத்தனை சீக்கிரம் வலிக்கிற கை இல்லை.

மிஷினின் மரமூடி ஸ்டூல் மேல் இருந்தது. எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு கையாலும் மூடியைத் தூக்கி, சிரித்துக்கொண்டிருந்த அந்த முகத்தின் நடுவில் ஓங்கி அறைந்தாள். தென்னை மட்டையை முறித்த மாதிரி ஒரு சத்தம். குபுக்கென்று ரத்தம் கொட்டியது.

அவன் அவளைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, "துண்டு" என்றான்.

"நீயே போய் எடுத்துக்கோ."

மூடியைக் கீழே வைக்காமலே அவள் விடியும்வரை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். காலையில் வந்த நாத்தனார், ரத்தம் இன்னும் கசிகிற தம்பியின் முகத்தைப் பார்த்து அலறி, இருவரையும் ஆட்டோவில் ஏற்றினாள்.

டாக்டரம்மா வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தாள். "நான் அடைச்சது அடைச்சபடியே இருக்கு. இது எலும்பு உடைஞ்சிருக்கு. என்ன ஆச்சு?"

"கதவுல இடிச்சிக்கிட்டேன்" என்றான்.

"இல்ல டாக்டர்" என்றாள் தையல்காரி. "நான்தான் அடிச்சேன்."

டாக்டரம்மா அப்போதுதான் அவளை முழுசாகப் பார்த்தாள். ஒரு கண் வீங்கி மூடிப்போயிருந்தது. விலாவைக் கையால் தாங்கிக்கொண்டு ஒருக்களித்து நின்றாள்.

"அப்ப உங்க கண்ணு?"

"அது அவரு."

"ஏய்!" என்று அவன் எழுந்தான். அவன் தோளைப் பிடித்தது நாத்தனார்தான். "வெளிய வாடா" என்றாள். "எனக்கு எல்லாம் தெரியும்டா. தெரிஞ்சேதான் இருந்தேன்."

"முதல்ல எனக்கு வைத்தியம் பாக்கச் சொல்லுக்கா!"

"வெளிய உக்காருங்க" என்றாள் டாக்டரம்மா. "உங்க ரத்தம் கொஞ்ச நேரத்துல நின்னுடும்."

நாத்தனார் அவனை வெளியே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். டாக்டரம்மா நாற்காலியைத் துடைத்து அவளை உட்காரவைத்தாள்.

"எங்கெங்க அடிபட்டிருக்கும்மா? ஒண்ணொண்ணா சொல்லுங்க."

அவள் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

"நேத்துப் பட்டதை மட்டும் சொல்லணுமா டாக்டர்?"