டம்ளரில் புளித்த விதை

மொட்டைமாடிக் கதவு காற்றில் அறைந்து சாத்திக்கொண்டதில் உள்பக்கத் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. துணி காயப்போட வந்த சின்ன மருமகள் தள்ளிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். ம்ஹூம்.

கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழே குழாயடியில் பெரிய மருமகள், சின்னவள் எடுத்துவைத்திருந்த டம்ளரோடு நின்றிருந்தாள். பட்டுப்போன செடியில் மிஞ்சிய ஒரே தக்காளியின் விதை அதில் புளித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, கொட்டிடாதீங்க. அது விதை."

"இதா? எலி செத்துக் கிடக்குன்னு காலையிலேருந்து வீடு முழுக்க மோந்துட்டுத் திரியறேன்."

"புளிச்சாத்தான் வழவழப்பு போகும். அப்புறம் கழுவிக் காயவெக்கணும். வேற விதை கிடையாதுக்கா. முதல்ல வந்து கதவைத் திறங்க."

"கழுவணும், அவ்வளவுதானே? நான் பார்த்துக்கறேன்."

பெரியவள் உள்ளே போனாள். சின்னவளுக்கு அப்பாடா என்றிருந்தது. சமையலறையில் அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டதும் அந்த நிம்மதி பறந்தது. கழுவுவதற்கு அடுப்பு எதற்கு?

"அக்கா, பச்சைத் தண்ணி போதும்!" கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள்.

ஒருவழியாகத் தாழ்ப்பாள் விலகியது.

"என்னடி, ஊரையே கூட்டறே? இந்தா. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தி ரெண்டு தடவை அலசிட்டேன். இப்ப மோந்து பாரு."

இத்தனை வருஷத்தில் பெரியவள் தானாக முன்வந்து செய்த முதல் உதவி அது. கதவு திறந்திருந்தும் சின்னவளுக்குத் தப்பிக்க வழியில்லை. வெந்த விதைகளை மோந்து பார்த்து, "நாத்தமே இல்லக்கா" என்றாள்.