தூக்கிய கை

எங்கள் தையல் கம்பெனியின் இஸ்திரி அறைக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். போன மாதம் அந்த நீராவியில் ஒரு கர்ப்பிணிப் பெண் மயங்கி விழுந்தாள். புழுக்கத்தை வெளியேற்றும் ஃபேன் வேண்டும் என்று மாதக் கூட்டத்தில் நான் கேட்டேன். பாதிக்கு மேல் கை தூக்கினால் நிர்வாகம் செய்து தர வேண்டும். என் கட்சிக்காரர்கள் தூக்கினார்கள். மற்றவர்கள், கேட்டது யார் என்று பார்த்துவிட்டுக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்கள். மயங்கி விழுந்தவளும் தூக்கவில்லை.

“போதலையேம்மா” என்றார் மேனேஜர். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

தேர்தல் முடிந்தும் எங்கள் சாப்பாட்டு மேசைகள் இரண்டு கட்சியாகத்தான் கிடந்தன. உப்பு டப்பா கூட ஆளுக்கொன்று. எதிர் மேசையில் உட்காருவது என் சொந்த நாத்தனார். ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் பேச்சை விட்டிருந்தோம். அதில் எனக்கும் கொஞ்சம் பெருமை இருந்தது, வெட்கக்கேடு.

அன்று மாலை வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு சட்டையை எடுத்தேன். அடுத்த கூட்டத்தில் ஃபேனை நீ கேள் என்றேன்.

“நான் கேட்டா உங்க ஆளுங்க தூக்க மாட்டாங்களே, அண்ணி.”

“நான் தூக்குறேன். நீ கேளு.”

கேட்டாள். அவள் பக்கம் மளமளவென்று கைகள் எழுந்தன, மயங்கி விழுந்தவளின் கை உட்பட. போன தடவை இதே ஃபேனுக்குக் கை தூக்கிய எங்கள் ஆட்கள் கல்லுளிமங்கர்களாக உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று கையை உயர்த்தினேன்.

“நீ எந்தப் பக்கம்?” என்று பல்லைக் கடித்தார் கட்டிங் மாஸ்டர், எங்கள் கட்சியின் தூண்.

“வெந்து சாகுற பக்கம்.”

மேனேஜர் எண்ணினார். ஒரு கை குறைகிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று எழுந்தார். இன்னொரு தடவை எண்ணச் சொன்னேன். தோள் கடுத்தது. மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டேனே தவிர, இறக்கவில்லை.

எங்கள் வரிசைக் கடைசியில் இஸ்திரிக்காரர் இருந்தார். சைக்கிளில் எங்கள் கட்சிக் கொடியைக் கட்டியிருப்பவர், நாள் முழுக்க அந்த அறையிலேயே நிற்பவர். அவர் என்னைப் பார்த்தார், பிறகு கட்டிங் மாஸ்டரைப் பார்த்தார். நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தார். துடைத்த கையைக் கீழே இறக்காமல் அப்படியே மேலே தூக்கினார்.

“இப்ப எண்ணுங்க” என்றேன்.